சுவரில் நமக்கும் ஓர் இடம்



கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வராத குடும்பம் நம்மில் அநேகமாக இராது. பீடோரில் விடியற்காலை பஸ் ஏறி, கையில் கட்டுச்சோறும் மருத்துவ அட்டையும் வைத்துக்கொண்டு போய் நிற்கிறோம். இருதயக் கோளாறு என்றால் துன் ரசாக் சாலையில் இருக்கும் தேசிய இருதயக் கழகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சாலையை ஒட்டியே, தித்திவங்சா ஏரிப் பக்கமாக, இஸ்தானா புடாயா என்னும் நாடக மாளிகைக்கு அடுத்தாற்போல் இன்னொரு பெரிய கட்டடம் உண்டு. நோயாளியைப் பார்க்கும் நேரம் வரும்வரை வெளியே மர நிழலில் காத்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து பார்த்திருப்போம்? காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் தடுக்கவும் மாட்டார்கள். ஆனாலும் நமக்கு அங்கே என்ன வேலை என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

அதுதான் பாலாய் செனி நெகாரா, நம் நாட்டின் தேசியக் கலைக்கூடம். நாட்டின் ஓவியங்களையும் சிற்பங்களையும் வாங்கிப் பாதுகாத்து மக்களுக்குக் காட்டும் இடம். சுதந்திரம் கிடைத்து ஓராண்டு நிறையுமுன், 1958 ஆகஸ்ட் 27-ல், துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் திறந்து வைத்தார். அன்று கைவசம் இருந்தவை அன்பளிப்பாக வந்த நான்கே படங்கள் என்று சொல்வார்கள். முதலில் அம்பாங் சாலையில் இருந்தது. 1984-ல் ரயில் நிலையத்துக்கு எதிரே பழைய மெஜஸ்டிக் ஹோட்டலுக்கு மாறியது. 1998-ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. நான்கு படங்கள் சில ஆயிரங்களாகப் பெருகிவிட்டன.

அந்த ஆயிரங்களில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதுதான் இம்மாதம் நான் உங்களோடு பேச விரும்பும் விஷயம். கலை என்பது பணக்காரர் சமாச்சாரம், படித்தவர் பொழுதுபோக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நாடு தன்னை எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று நம் பிள்ளைகள் படிக்கும் சரித்திரப் புத்தகம். மற்றொன்று இந்தச் சுவர்கள். புத்தகத்தில் ஒரு பத்தி குறைந்தால் நாம் சத்தம் போடுகிறோம், பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறோம். சுவரைப் பற்றிக் கேட்பார் இல்லை.

நம் பேராக் மாநிலத்து மண்ணும் அந்தச் சுவர்களில் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் 1929-ல் பிறந்த இயோ ஜின் லெங் தீட்டிய நெல்வயல் ஓவியம் (1963) நம் நாட்டின் நல்ல ஓவியங்களில் ஒன்று. பினாங்கைச் சேர்ந்த அப்துல்லா அரிப் 1960-ல் ஓர் ஈயச் சுரங்கத்தை நீர்வண்ணத்தில் தீட்டி அதற்கு 'பூமி பஹாகியா', அதாவது இன்பபூமி என்று பெயர் வைத்தார். ஈய லம்பம் தோண்டிய மேடு பள்ளத்தை நம் ஊர்ப்பக்கம் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆயினும் படம் அழகானது. வயல் இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது. பால்மரக்காடும் ஓவியர்கள் கண்ணில் படாமல் இல்லை. வரிசையாக நிற்கும் மரமும், காலை வெளிச்சமும், வாளியோடு குனிந்திருக்கும் பெண்ணும் அவர்களுக்குப் பிடித்தமான காட்சிகள்.

இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தப் பெண் யார்?

வெள்ளைக்காரன் காலத்துத் தபால் அட்டைகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் கம்பெனி என்று பெரிய போட்டோக் கடை ஒன்று இருந்தது. நூறு, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் சீமையிலிருந்து வந்த பிரயாணிகளுக்கு அந்தக் கடை படங்கள் விற்றது. மலாய்க்காரர் ஒருவர், சீனக் கூலி ஒருவர், மூக்குத்தியும் தண்டட்டியும் போட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி. இந்த மாதிரிப் படங்களை 'இன மாதிரிகள்' என்று வகைப்படுத்தினார்கள். பட்டாம்பூச்சியை ஊசியில் குத்திப் பெயர் எழுதுவதுபோல. பட்டாம்பூச்சிக்காவது தனிப்பெயர் இருந்தது. நம் பாட்டிமாருக்கு அதுவும் இல்லை. கீழே 'தமிழ்ப் பெண்' என்றுதான் அச்சிட்டிருக்கும். சிலவற்றில் அதைவிட மரியாதைக் குறைவான சொல்லும் உண்டு. இந்தப் படங்கள் இன்று உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. எடுத்த கடையின் பெயர் தெரிகிறது. வாங்கிப் போன துரையின் பெயரும் தெரிகிறது. உட்கார்ந்திருப்பவளின் பெயர்தான் தெரியவில்லை. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் கேட்டு எழுத அரை நிமிடம் போதும். யாரும் கேட்கவில்லை.

படத்தில் இருப்பது வேறு, படத்தில் ஓர் ஆளாக இருப்பது வேறு. படத்தை வரைபவராக இருப்பது இன்னும் வேறு. நம் மக்கள் முதற்படியில் நிறைய நின்றிருக்கிறார்கள். மற்ற படிகளில் ஏறியவர் சிலரே. அந்தச் சிலரை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சையது தாஜுதீன் ஒருவர். இராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் 1943-ல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1972-ல் அவர் சீதையை அனுமன் கண்ட காட்சியைப் பெரிய திரையில் தீட்டினார். தமிழ் முஸ்லிம் ஒருவர் இராமாயணத்தைத் தீட்ட, அது மலேசிய ஓவியமாக மதிக்கப்படுகிறது. கம்பனைப் பற்றி உமறுப்புலவர் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரவும் வேண்டுமா என்ன!

நிர்மலா தத் சண்முகலிங்கம் இன்னொருவர். 1941-ல் பினாங்கில் பிறந்து 2016-ல் காலமானார். 1973-ல் தேசியக் கலைக்கூடம் நடத்திய 'மனிதனும் அவன் உலகமும்' என்ற போட்டிக் கண்காட்சியில் அவர் பூவும் மரமும் வரைந்து அனுப்பவில்லை. வீடமைப்புத் திட்டம் என்ற பெயரில் நாசமான இடத்தைப் படம் பிடித்து, அங்கே கிடந்த குப்பையையும் அள்ளிக்கொண்டு வந்து சேர்த்து வைத்தார். அதற்கு முதன்மைப் பரிசுகளில் ஒன்று கிடைத்தது. குப்பையா கலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் நம் லயத்துக்குப் பின்னால் ஓடிய சாக்கடையை ஒரு பெரிய மனிதர் வந்து பார்க்க வேண்டுமென்று எத்தனை மனு எழுதினோம்? அந்த அம்மாள் மனு எழுதாமல் சாக்கடையையே கூடத்துக்குக் கொண்டு போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தலைமுறையில் ஜெகதேவா அனுரேந்திரா. 2001-ல் அவர் செய்த படைப்புக்கு 'ஓடும் இந்தியர்களும் 25 தேய்ந்த வாசகங்களில் மலேசிய இந்தியர் வரலாறும்' என்று பொருள்படும் தலைப்பு. நம்மைப் பற்றி ஊர் சொல்லும் பழகிப்போன பேச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து முன்னே வைக்கிறார். அதில் கோபமும் இருக்கிறது, நையாண்டியும் இருக்கிறது.

இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் வோங் ஹோய் சியோங். பினாங்கில் 1960-ல் பிறந்த சீனர். குடியேறி வந்தவர்களையும் ரப்பர் மரத்தையும் பற்றிய படைப்புகளை 1996-ல் தேசியக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார். கரியால் வரைந்து பழைய புகைப்பட நகல்களையும் ஒட்டிச் செய்த பெரிய பெரிய படங்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு 'பால்மரம் வெட்டுபவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் திருமணம்'. 1994-ல் வரைந்தது. இந்தத் தலைப்பைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒரு திருமணம் நடந்திருக்கிறது. என் சின்னம்மா நிரை வெட்டியவர், சித்தப்பா தோட்டத்துப் பள்ளி வாத்தியார். எங்கள் வீட்டுக் கதை ஒரு படத்தின் தலைப்பாகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

தமிழரைத் தமிழர்தான் வரைய வேண்டும், சீனரைச் சீனர்தான் வரைய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். சீனக் குடும்பங்களும் பால்மரம் வெட்டின. மலாய்க்காரர்களும் தங்கள் சிறுதோட்டங்களில் வெட்டினார்கள். கத்தியைப் பிடித்த கைக்கு ஒரே காய்ப்புத்தான். கூடத்துக்குள் போகும் வாசல் எல்லாருக்கும் ஒரே அகலமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரே அகலமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இது யார் மீதும் பழி போட்டுத் தீர்க்கிற காரியமல்ல. எப்படி நேர்ந்தது என்று பாருங்கள். 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியக் கலாச்சாரக் காங்கிரஸ் கூடியது. தேசியக் கலாச்சாரம் இவ்வட்டாரத்துப் பூர்வகுடிகளின் கலாச்சாரத்தை அடிப்படையாகக் கொள்ள வேண்டும், பொருத்தமான மற்றக் கலாச்சாரக் கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கிய அங்கமாகும் என்ற மூன்று கோட்பாடுகள் அதிலிருந்து பிறந்தன. 'பொருத்தமான' என்ற சொல்லைக் கவனியுங்கள். எது பொருத்தம் என்று யார் தீர்மானிப்பது? அன்றைக்கு ஆரம்பித்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இதைவிட நம்மை நேரே பாதித்தது படிப்பு. ஓவியன் வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஒரு கல்லூரியில் படிக்கிறான், குரு அவனைக் கண்காட்சிக்கு அனுப்புகிறார், விமர்சகர் எழுதுகிறார், கூடம் வாங்குகிறது. 1967-ல் ஐ.டி.எம். கலைப் பள்ளி தொடங்கி நூற்றுக்கணக்கான கலைஞர்களை உருவாக்கியது, அது பூமிபுத்ரா பிள்ளைகளுக்கென அமைந்த கல்லூரி. அதே ஆண்டு கோலாலம்பூரில் மலேசியக் கலைக் கழகம் என்ற தனியார் கல்லூரியும் தொடங்கியது, அங்கே சேரப் பணம் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு மிஞ்சியிருந்த வழி ஆசிரியர் பயிற்சி. செராஸில் இருந்த சிறப்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சித்திரம் கற்று ஆசிரியரான பலர் நாட்டில் பெயர்பெற்ற ஓவியர்களானார்கள். ஆனால் அங்கே போகவும் ஐந்தாம் படிவம் தேற வேண்டும். பெரட்டுக்குப் போன அம்மாவுக்குப் பதிலாகத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பெண்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவம் வரை போனார்கள்?

வெளிவாசல் குறுகல் என்றால் வீட்டு வாசல் அதைவிடக் குறுகல். என்னிடம் ஐந்தாம் ஆண்டு படித்த ஒரு பெண் பிள்ளை, கரும்பலகையில் நான் எழுதுவதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மாட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைவாள். மாடு அசை போடுவது கோட்டில் தெரியும். தகப்பனாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "படம் போட்டா சோறு கிடைக்குமா சார்? கணக்கில 40 மார்க்தான் வாங்கியிருக்கா, அதைப் பாருங்க" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு, நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அந்தப் பெண் இன்று ஈப்போவில் கல்யாண மண்டப அலங்காரம் செய்யும் கடையில் வேலை செய்கிறாள். மணவறைக்கு வேண்டிய மயிலும் யானையும் தாமரையும் அவள் கையால் வெட்டியவை. ஊரெல்லாம் அவற்றின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறது. சாயங்காலம் மண்டபத்தைக் காலி செய்யும்போது எல்லாம் லாரியில் ஏறுகின்றன. கடையின் பெயர் அட்டையில் இருக்கிறது. அவள் பெயர் எங்கும் இல்லை. பாருங்கள், அந்தத் தபால் அட்டைப் பெண் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

பெண்கள் விஷயத்தில் உலகமே இப்படித்தான் இருந்திருக்கிறது. 1989-ல் நியூயார்க் நகரத்தில் 'கொரில்லா கேர்ள்ஸ்' என்ற பெண் கலைஞர்கள் மனிதக்குரங்கு முகமூடி போட்டுக்கொண்டு அங்குள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கணக்கெடுத்தார்கள். நவீன ஓவியப் பகுதியில் 100 கலைஞரில் ஐந்து பேர்கூடப் பெண்கள் இல்லை, ஆனால் ஆடையில்லா உருவங்களில் 85 விழுக்காடு பெண்கள் என்று சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். முப்பது ஆண்டு கழித்து 2019-ல் அமெரிக்காவின் 18 பெரிய அருங்காட்சியகங்களை ஆராய்ந்தபோதும், அங்கே படைப்பு இடம்பெற்ற கலைஞர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் வெள்ளையர், 87 விழுக்காட்டினர் ஆண்கள் என்று தெரிந்தது. பால்டிமோர் நகரத்து அருங்காட்சியகம், 2020-ம் ஆண்டு முழுவதும் பெண்களின் படைப்புகளை மட்டுமே வாங்குவோம் என்று அறிவித்தது. ஓராண்டு வாங்கினால் நூறாண்டுக் குறை தீருமா என்று கேட்கலாம். தொடங்கினார்களே, அதைச் சொல்லுங்கள்.

நம் வீட்டுப் பெண்கள் மார்கழி மாதத்தில் வாசலில் போடும் கோலம் கணக்கும் கற்பனையும் சேர்ந்த கலை. காவடி கட்டுவதும், கரகம் ஜோடிப்பதும், கோயில் தூணில் சுதை பிடிப்பதும் கலைதான். நம் பெரியவர்கள் பலர் ரப்பர் விதையிலும் ஒட்டுப்பாலிலும் பொம்மை செய்து தந்தார்கள், உருண்டை பிடித்துத் தந்த பந்து கூரைக்கு மேல் துள்ளியது உங்களுக்கு நினைவிருக்கும். இவற்றைக் கைவினை என்று ஒதுக்கி, சட்டம் போட்ட படத்தை மட்டும் கலை என்று சொன்னால், பெண்களும் ஏழைகளும் தாமாகவே வெளியே நின்றுவிடுகிறார்கள். யாரும் கதவைச் சாத்த வேண்டிய அவசியமே இல்லை.

வேறு நாடுகளில் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட மக்களும் நம்மவர்தாம். ஒரே கப்பல் காலம், ஒரே கங்காணி முறை, ஒரே லயம். அங்கே கம்பளைக்கு அருகில் ஓல்ட் பீக்காக் என்ற தோட்டத்தில், 2007-ல், தேயிலைத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற அமைப்பு அதைச் செய்தது. பளிங்குக் கட்டடம் கட்டவில்லை, பழைய லயத்து அறைகளையே அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கொழுந்துக்கூடை, கவாத்துக் கத்தி, வீட்டுப் பாத்திரம், பழைய பத்திரங்கள் என்று மக்களிடமிருந்தே சேர்த்தவை அங்கே இருக்கின்றன. துரையின் பங்களாவைப் பார்க்கப் போகும் சுற்றுலாக்காரர்களுக்கு இதுவும் பார்க்க வேண்டிய இடம்.

அந்த மலையகத்திலிருந்து இப்போது இளம் ஓவியர்கள் எழுந்திருக்கிறார்கள். ஹனுஷா சோமசுந்தரம் என்ற பெண் தேநீர் வடிகட்டியையும் தேயிலைப் பையையும் கொண்டே கலைப்படைப்புகள் செய்கிறார். வடிகட்டிக்குள் தங்கிப்போகும் சக்கை யார், கோப்பைக்குள் இறங்கும் சாயம் யாருக்கு என்று நமக்கு விளக்கவா வேண்டும்? நம் பிள்ளை ஒன்று பால் மங்கையும் ஒட்டுப்பாலையும் எடுத்து இப்படி ஒன்று செய்தால் நான் கைதட்டுவேன்.

கொழும்பில் 2019 டிசம்பரில் நவீன, தற்காலக் கலைக்கான அருங்காட்சியகம் ஒன்று தொடங்கியது. முதல் கண்காட்சிக்கு 'நூறாயிரம் சிறு கதைகள்' என்ற பொருளில் பெயர். அங்கே என்னைக் கவர்ந்த செய்தி இதுதான்: தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கக் குறிப்பு. முப்பது ஆண்டு போரில் மொழிக்காக இரத்தம் சிந்திய நாட்டில், ஒரு சுவரில் மூன்று மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நம் நாட்டுக் கலைக்கூடங்களில் பொதுவாக மலாயும் ஆங்கிலமும் இருக்கும். நம் பிள்ளைகள் மலாய் படிக்கிறார்கள், அவர்களுக்குச் சிரமமில்லை. அவர்களோடு வரும் பாட்டிக்கு யார் படித்துச் சொல்வது? எல்லாக் குறிப்பையும் நான்கு மொழியில் எழுதச் சொல்லவில்லை. வாசலில் ஒரு தாள், தமிழிலும் சீனத்திலும், இருந்தால் போதும். கேட்டால் தரக்கூடியது. இதுவரை கேட்டோமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவிய ஆசிரியர் தா. சனாதனன் 2011-ல் 'முடிவுறாத தோம்பு' என்று பொருள்படும் ஒரு நூல் செய்தார். தோம்பு என்றால் காணிப் பதிவேடு. போரில் வீட்டை இழந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். அடுப்படி எங்கே, கிணறு எங்கே, மாமரம் எந்தப் பக்கம் என்று அவர்கள் வரைந்தார்கள். சர்க்கார் ஏட்டில் இல்லாத வீடுகள் அந்த நூலில் இருக்கின்றன.

இதைப் படித்த பிறகு என் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். எங்கள் பள்ளியின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது, தோட்டத்தில் லயம் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் டவுனுக்குப் போயின, பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். தாத்தா பாட்டியைக் கேட்டுப் பழைய லயத்து வீட்டை வரைந்து வாருங்கள் என்றேன். வந்தவற்றைப் பார்த்து அன்று நான் கணக்குப் பாடம் எடுக்கவில்லை. அஞ்சடியில் தொங்கும் தூளியை ஒரு பையன் வரைந்திருந்தான். ஒரு படத்தில் குசினிச் சுவரில் பால்வெட்டுக் கத்தி, அதன் கீழே தலைவிளக்கு. பொதுக் குழாயடியில் வரிசை நின்ற வாளிகளை ஒருத்தி எண்ணி எழுதியிருந்தாள். இன்னொரு பிள்ளையின் பாட்டி வீட்டை வரையச் சொல்லாமல், லயத்தின் பன்னிரண்டு கதவுகளையும் போடச் சொல்லி ஒவ்வொரு கதவிலும் இருந்தவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான்காவது கதவில் மட்டும் பெயர் இல்லை. கேட்டதற்கு, "அந்த அம்மாவ எல்லாரும் கங்காணி வீட்டுக்காரின்னுதான் கூப்பிடுவாங்களாம் சார், பேரு பாட்டிக்கும் தெரியாதாம்" என்றாள்.

நம் குறையைப் பேசும்போது பக்கத்து வீட்டுக் குறையையும் பார்க்க வேண்டும். பீடோரைச் சுற்றிச் செமாய் மக்கள் வாழ்கிறார்கள். சந்தை நாளில் பெட்டாய் கொண்டு வந்து விற்கும் அவர்களோடு பேரம் பேசுவதைத் தவிர நமக்கு என்ன தெரியும்? நாம் நூறு, நூற்றைம்பது ஆண்டுக் கதைக்கு இடம் கேட்கிறோம், அவர்கள் கதைக்கு எல்லையே இல்லை. பந்திங் பக்கத்துத் தெமுவான் இனத்து ஓவியர் ஷாக் கோயோக் தம் மக்களின் முகத்தையும் காட்டையும் தீட்டிக் கண்காட்சிகளுக்குக் கொண்டு போகிறார், அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்று செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிகளும் நாளைக்குப் பெயரில்லாப் படங்களாகிவிடக் கூடாது. நாம் அனுபவித்தவர்கள், நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் வருடாந்திரச் சுற்றுலா என்றால் மிருகக்காட்சிசாலையும் நீச்சல் பூங்காவும்தான் பேச்சில் வரும். இந்த வருடம் ஒரு நாள் தேசியக் கலைக்கூடத்தையும் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். பள்ளியிலிருந்து முன்கூட்டியே கடிதம் எழுதிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. தமிழில் விளக்க ஒருவர் கிடைப்பாரா என்று அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். நாலு பள்ளியிலிருந்து நாலு கடிதம் போனால் அது ஒரு கோரிக்கையாகக் கோப்பில் ஏறும். கே.எல்.சி.சி. அருகே இல்ஹாம் என்ற தனியார் கலைக்கூடமும் 2015 முதல் இருக்கிறது. அங்கும் கட்டணமில்லை.

கடைசியாக, சுங்கையிலிருந்து ஒரு தாயார் எழுதிக் கேட்ட கேள்விக்குப் பதில். அவர் மாமியாரின் இளமைக் காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறதாம், பெரட்டுக்களத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் வாளியோடு நிற்பது. ஓரம் செல்லரித்து வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அம்மா, பசை தடவிய ஆல்பத்தில் ஒட்ட வேண்டாம், பிறகு பிரிக்க வராது. கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டவும் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். நல்ல வெள்ளைக் காகித உறையில் வைத்து, ஈரமில்லாத இடத்தில், படுக்கை வாட்டில் வையுங்கள். கைப்பேசியில் ஒரு நகல் எடுத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். அதற்கு முன், மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். தோட்டத்தின் பெயரும் ஆண்டும் சேர்த்து. படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். மாமியாருக்கு வயது எண்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே கேளுங்கள்.